பச்சை பூத்த கம்பி

குரு தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நான் சொல்வது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே வம்பன் நால்ரோட்டைத் தாண்டி வருகிற சாலை, ஊருக்குள் நுழைந்ததும் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிவிடும். கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிற மொபெட்டுகள், பலாச் சீசனில் வடகாட்டுப் பக்கமிருந்து வரும் மினி லாரிகள், காலையிலும் மாலையிலும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான். இடது கைப் பக்கம் ஒரு ஆள் நுழைகிற இடம் கிடைத்தால் போதும், யாராவது புகுந்து வந்துவிடுவார்கள். அவர்கள் வருவதைக் கார் ஓட்டுகிறவனுக்குச் சொல்வது இடது பக்கக் கண்ணாடி ஒன்றுதான்.

கார்த்திகை மழைக்கு நடுவே ஒரு நாள் அந்தக் கண்ணாடி அசைய மறுத்துவிட்டது. உடையவில்லை, கழன்று தொங்கவும் இல்லை. டிரைவர் கதவில் இருக்கும் பட்டனை அமுக்கினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சாய வேண்டிய கண்ணாடி, எவ்வளவு அமுக்கியும் நின்ற இடத்திலேயே நின்றது. முதல் நாள் என் தம்பி வண்டியை எடுத்துப் போயிருந்தான். என்னைவிட அரையடி உயரம். அவன் கண்ணுக்குச் சரியாக வைத்த கோணத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்குச் சாலை தெரியவில்லை. வானமும் வேப்பங்கிளையும்தான் தெரிந்தன.

புதுக்கோட்டையில் ஓரிடத்தில் விசாரித்தேன். “மிரரையே மாத்திடலாம் சார், முழு செட்டா வரும்” என்றார்கள். விலையும் சொன்னார்கள். வண்டியை இன்னும் ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனசுக்கு ஒப்பவில்லை. ஆலங்குடியிலேயே தகரக் கொட்டகை போட்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம், மினி லாரி, கார் என்று எது வந்தாலும் பார்ப்பவர். அன்று அவர் செய்ததை வரிசையாக எழுதத்தான் இந்தக் கட்டுரை. பழுது பார்ப்பது என்றால் பாகத்தை மாற்றுவது என்று ஆகிவிட்ட காலத்தில், பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு முழு அறிவியல் என்பதை அந்த இரண்டு மணி நேரத்தில் கண்ணால் பார்த்தேன்.

“கண்ணாடிக்கு என்ன ஆச்சுன்னு அப்புறம் பாப்போம் தம்பி. மொதல்ல எது ஓடுதுன்னு சொல்லுங்க” என்றார்.

வலது பக்கக் கண்ணாடி நான்கு திசையிலும் ஒழுங்காக ஓடியது. அந்த ஒரு தகவலிலேயே பாதி வண்டியை அவர் கணக்கிலிருந்து கழித்துவிட்டார். இரண்டு கண்ணாடிகளுக்கும் ஃபியூஸ் ஒன்று. சுவிட்சுக்கு வரும் பாசிட்டிவ் ஒன்று, எர்த் ஒன்று. நான்கு பக்கமும் அமுக்குகிற பட்டனும் ஒன்றேதான். இடதா வலதா என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் மட்டும்தான் லைனை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ திருப்பிவிடுகிறது. ஆகவே வலது ஓடினால் ஃபியூஸ், பாசிட்டிவ், எர்த், பட்டன் நான்கிலும் குறையில்லை. மிச்சம் இருப்பவை மூன்று: குமிழின் இடது பக்கத் தொடுமுனைகள், அங்கிருந்து இடது கதவுக்குப் போகும் வயர்கள், கண்ணாடிக்குள் இருக்கும் மோட்டார்கள்.

அடுத்து ரேடியோவை அணைக்கச் சொன்னார். இடது கண்ணாடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு என்னைப் பட்டனை அமுக்கச் சொன்னார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. இது பெரிய தடயம். கண்ணாடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தாலோ, கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் உடைந்தாலோ, மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், கண்ணாடி மட்டும் அசையாது. ‘டக் டக்’ என்று விட்டு விட்டுக் கேட்டால் அதற்கும் பொருள் உண்டு. கண்ணாடி கடைசி வரைக்கும் சாய்ந்த பிறகும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் மோட்டார் எரிந்துவிடாமல் இருக்க, உள்ளே ஒரு வழுக்கும் இணைப்பு வைத்திருப்பார்கள். எல்லையைத் தொட்டதும் அது பிடியை விட்டுவிட்டு வழுக்கும். அந்தச் சத்தம்தான் டக் டக். நடுக் கோணத்தில் இருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தால் இயந்திரப் பழுது. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் மின்பழுது. மீட்டரை எடுப்பதற்கு முன்பே காது அவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டுவிட்டது.

கண்ணாடி எப்படி அசைகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணாடித் தகட்டின் பின்னால் நடுவில் ஒரு குண்டு மூட்டு, நம் தோள் மூட்டு மாதிரி. அந்த நடுப்புள்ளியிலிருந்து நேர் கீழே அல்லது மேலே ஒரு திருகுத் தண்டு, பக்கவாட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியே கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார். கீழே இருக்கும் தண்டு முன்னே தள்ளினால் கண்ணாடி மேல்நோக்கிச் சாயும், பின்னே இழுத்தால் கீழ்நோக்கி; தண்டு மேலே இருந்தால் இது தலைகீழ். மற்றது வலமும் இடமும் பார்த்துக்கொள்ளும். மோட்டார் வேகமாகச் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டித் தருகின்றன. அதனால்தான் பட்டனை ஒரு நொடி தொட்டால் கண்ணாடி ஒரு மயிரிழை நகர்கிறது.

இரண்டு மோட்டாருக்கும் தலைக்கு இரண்டு வயர் என்று நான்கு வயர் வர வேண்டும் அல்லவா? என் வண்டியில் வந்தவை மூன்று. பல வண்டிகளில் அப்படித்தான். மேல்–கீழ் மோட்டாருக்கு ஒன்று, வலம்–இடம் மோட்டாருக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது. நேர்மின்னோட்ட மோட்டாரின் குணம் என்னவென்றால், பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே இருக்கும் காந்தம் நிலையானது. சுருளில் ஓடும் கரண்டின் திசை மாறினால் அதன் மீது விழும் தள்ளுவிசையின் திசையும் மாறுகிறது. ஆகவே ‘மேலே’ என்று அமுக்கும்போது மேல்–கீழ் வயரில் பாசிட்டிவும் பொது வயரில் எர்த்தும் வருகின்றன. ‘கீழே’ என்று அமுக்கினால் தலைகீழ்: பொது வயருக்குப் பாசிட்டிவ், மேல்–கீழ் வயருக்கு எர்த். அந்தச் சின்ன பிளாஸ்டிக் பட்டனுக்குள் நடப்பது இந்த இடமாற்றம்தான். தோட்டத்து மும்முனை மோட்டார் பின்பக்கமாகச் சுற்றினால் இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிப் போடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. இங்கே விரல் நுனியில் நொடிக்கு நொடி நடக்கிறது.

இந்த மூன்று வயர் கணக்கு தெரிந்திருந்ததால்தான் பெரியவர் அடுத்த அடியைச் சரியாக எடுத்து வைத்தார். என் கண்ணாடி மேலும் கீழும் போகவில்லை, பக்கவாட்டிலும் போகவில்லை. “ரெண்டு மோட்டாரும் ஒரே நாள்ல சாகுமா தம்பி? ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்குல்ல, அதத்தான் பிடிக்கணும்.” ஒரு திசை மட்டும் செத்திருந்தால் அந்த மோட்டாரையோ அதன் வயரையோ சந்தேகப்படலாம். இரண்டும் ஒன்றாகச் செத்தால் பொது வயர். மருத்துவர் நாடியைப் பார்ப்பதற்கு முன் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போலத்தான் இதுவும்.

இருந்தாலும் மோட்டாரை அவர் நம்பிவிடவில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, கதவின் உள்பக்கம் கண்ணாடிக்கு நேராக இருக்கும் முக்கோண பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தார். பின்னால் ஒரு கப்ளர். அதைப் பிரித்து, கண்ணாடிப் பக்கத்துப் பின்களில் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்றை இரண்டு சின்ன வயர் வழியாகத் தொட்டார். ‘ர்ர்ர்’ என்று கண்ணாடி கீழே சாய்ந்தது. பேட்டரியைத் திருப்பிப் பிடித்தார். மேலே வந்தது. பின்னை மாற்றித் தொட்டார். வலம், இடம். இரண்டு மோட்டாரும் உயிரோடு இருந்தன. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கிற பேட்டரியே போதும். இந்த மோட்டார்கள் குடிக்கிற கரண்ட் பொதுவாக அரை ஆம்பியருக்குள்தான். முழு செட்டாக மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், பழுது கதவுக்குள்ளேயே இருந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். காரில் கண்ணாடி என்பதே கார்ப் பந்தயத்திலும் தனியாகக் கார் ஓட்டிய ஒரு பெண்ணின் அனுபவத்திலும் பிறந்த யோசனை. இங்கிலாந்தின் டோரத்தி லெவிட் 1909-ல் பெண்களுக்காக எழுதிய கார் கையேட்டில், பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். 1911-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் தன் வண்டியில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வந்து வென்றார். மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் தனியாக வந்தார். அன்றைக்கு ஒரு ஆள் செய்த வேலையை இன்றைக்குக் கண்ணாடி செய்கிறது. வலது கண்ணாடியைக் கை நீட்டித் திருப்பிவிடலாம். இடது கண்ணாடி ஓட்டுகிறவருக்கு எட்டாது. அதற்காகத்தான் மோட்டார். அதை நான் சொகுசு என்று எண்ணியிருந்தேன், அது நின்றுபோகும் வரை.

வண்டியின் பேட்டரியை மறுபடி இணைத்தார். இனி வயர்.

என்னிடம் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தது, ஆர்வத்தில் நானே அளந்தேன். கப்ளரின் கதவுப் பக்கத்துப் பின்களில் முனைகளை வைத்து, பட்டறையில் இருந்த பையனைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். ‘மேலே’: 12.2 வோல்ட். ‘கீழே’: மைனஸ் 12.2. திசை மாறுகிறது, வோல்ட் முழுசாக வருகிறது. “கரண்ட் வருதுண்ணே, வயர்ல ஒண்ணுமில்ல” என்றேன். கப்ளரை மாட்டி அமுக்கினால் கண்ணாடி அசையவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, கரண்டும் வருகிறது, ஓடவில்லை. எனக்குப் புரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். பழைய வண்டியின் பார்க்கிங் விளக்கு, 12 வோல்ட், 5 வாட். ஹோல்டரிலிருந்து இரண்டு நீள வயர். ஒன்றின் முனையில் முதலை கிளிப், மற்றதில் ஊசி. டெஸ்ட் லேம்ப் என்பார்கள். கிளிப்பை நேராக பேட்டரியின் நெகட்டிவில் கொண்டுபோய் மாட்டினார். ஊசியால் மேல்–கீழ் பின்னைத் தொட்டு ‘மேலே’ அமுக்கச் சொன்னார். பளிச்சென்று எரிந்தது. வலம்–இடம் பின்னிலும் எரிந்தது. பிறகு பொது பின்னைத் தொட்டு ‘கீழே’ அமுக்கச் சொன்னார். அப்போதுதானே பொது வயருக்குப் பாசிட்டிவ் வரும். பல்பு இருட்டாகவே இருந்தது. அதே பின்னில் என் மீட்டரை வைத்தேன். 12.2. பல்பை வைத்தால் இருட்டு, மீட்டரை வைத்தால் 12.2. ஒரே பின், இரண்டு கருவி, இரண்டு பதில்.

இந்த இடத்தில்தான் அன்றைய பாடம் முழுவதும் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன்.

ஆலங்குடிப் பக்கம் விவசாயம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித்தான். தோட்டத்துக்குப் போகும் பைப்பின் கடைக்கோடியில் ஒரு வால்வும், அதற்கு முன்னால் ஒரு அழுத்தமானியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைப்பின் நடுவே செம்மண் சேறு அடைத்து ஊசித் துளை அளவு வழிதான் மிச்சம். வால்வு மூடியிருக்கும்போது அழுத்தமானி முழு அழுத்தத்தையும் காட்டும். தண்ணீர் ஓடவில்லை அல்லவா, ஊசித் துளை வழியாகவே அழுத்தம் வந்து சேர்ந்துவிடும். வால்வைத் திறந்தால் சொட்டுத்தான் விழும், அழுத்தமும் படுத்துவிடும். வோல்ட் என்பது அந்த அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடுகிற தண்ணீர்.

டிஜிட்டல் மீட்டர் மூடிய வால்வு மாதிரி. வோல்ட் அளக்கும்போது அதன் உள்மின்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம், அதாவது 10 மெகா ஓம். சுற்றிலிருந்து அது கரண்டே எடுப்பதில்லை என்று சொல்லிவிடலாம். ஒரு கணக்குக்கு, பொது வயரின் பழுதான இடத்தில் 1,000 ஓம் தடை இருக்கிறது, மோட்டாரின் தடை 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் ஒரு கோடி ஓமுக்கு முன்னால் இந்த ஆயிரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு; மீட்டர் 12 வோல்ட்டில் ஒரு மில்லிவோல்ட்டைத்தான் இழக்கும், திரையில் அது தெரியவே தெரியாது. மோட்டாரை மாட்டினால் 12 வோல்ட்டை 1,000-மும் 30-ம் பங்கு போட்டுக்கொள்ளும். மோட்டாருக்குக் கிடைப்பது 0.35 வோல்ட். மிச்சம் பதினொன்றரை வோல்ட்டுக்கு மேல் பழுதான இடத்திலேயே நின்றுபோகிறது. ஜார்ஜ் ஓம் 1827-ல் எழுதிவைத்த விதிதான். பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கினேன். பல்பு இருட்டாக நின்றபோதுதான் அது எனக்கு உண்மையாகவே விளங்கியது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. ‘இங்கே அழுத்தம் இருக்கிறதா’ என்று நான் கேட்டேன், இருக்கிறது என்றது. ‘இந்த வழியில் வேலை செய்கிற அளவு கரண்ட் ஓடுமா’ என்று பல்பு கேட்டது, ஓடாது என்று தெரிந்தது. 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் கேட்கும். மோட்டார் சுமக்க வைப்பதைவிடக் குறைவில்லை. சுமை ஏற்றிப் பார்க்காமல் வயரின் தரத்தைச் சொல்ல முடியாது. வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவியை டொனால்ட் மகாடி என்ற பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் உருவாக்க, 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. முள் வைத்த அந்தப் பழைய மீட்டர்கள் அளக்கும்போது சுற்றிலிருந்து கொஞ்சம் கரண்டைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அது குறை என்றுதான் பிறகு டிஜிட்டல் மீட்டரில் நீக்கினார்கள். நுண்ணிய மின்னணுப் பலகைக்கு அந்த நீக்கம் அவசியம். கார் வயருக்கு அந்தக் குறையே ஒரு காவலாக இருந்திருக்கிறது.

பொது வயர்தான் என்று முடிவாகிவிட்டது. அந்த வயர் எங்கே? டாஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம் முன் இருக்கைக்காரர் கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு கப்ளர் இருந்தது. கதவுக்குப் போகிற வயர்கள் எல்லாம் அங்கே ஒன்று சேர்ந்து பிரிகின்றன. அங்கே அதே நிற வயரில் ஊசியை வைத்து ‘கீழே’ அமுக்கச் சொன்னார். பல்பு எரிந்தது. குமிழும் நல்லது, அதுவரை வயரும் நல்லது. ஆக, பழுது அந்தக் கப்ளருக்கும் கண்ணாடிக்கும் நடுவே. அந்த நடுவில் அசைகிற இடம் ஒன்றுதான்: கதவுக்கும் வண்டிக்கும் இடையே ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாய்.

ரப்பரின் ஒரு முனை அதன் குழியில் சரியாக உட்காரவில்லை. போன வருடம் ஓரிடத்தில் அந்தக் கதவின் ஸ்பீக்கரை மாற்றியிருந்தேன். அப்போது பிரித்தவர்கள் திரும்ப அழுத்திவிட மறந்திருக்க வேண்டும். விரல் நகம் நுழைகிற இடைவெளி. மழைத் தண்ணீருக்கு அது தாராளம். குழாயை உருவியதும் உள்ளிருந்து சிவந்த சேறு கொஞ்சம் வழிந்தது. வயர்கள் எல்லாம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பெரியவர் ஒவ்வொன்றையும் இரு விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுத்தார். நல்ல வயர் இழுத்தால் நீளாது. பொது வயர் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. பிளேடால் உறையைக் கீறினார். செம்பு நிறமே இல்லை. கறுத்துப்போன இழைகள், அறுந்த முனைகளுக்கு நடுவே ஈரமான பச்சைத் தூள்.

களிம்பு. பாட்டி வீட்டுச் செம்புக் குடத்தில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, இடத்தைப் பொறுத்து உப்போடும் சேர்ந்து, பச்சையாகப் பூக்கிறது. கரண்ட் போகிற வயரில் ஈரம் பட்டால் மின்பகுப்பும் சேர்ந்துகொண்டு அரிப்பை விரைவுபடுத்தும். செம்போடு கூடவே இருக்கும் களிம்பைத்தான் சைவ சித்தாந்திகள் உயிரோடு இருக்கும் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்கிறார்கள்; இந்த மண்ணில் செம்பையும் அதன் அழுக்கையும் அவ்வளவு காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். களிம்பு கரண்டை முற்றிலும் தடுப்பதில்லை, ஈரத்தோடு இருக்கும்போது கொஞ்சம் விடும். அந்தக் கொஞ்சம்தான் என் மீட்டருக்கு 12.2 காட்டியது.

பச்சை அறுந்த இடத்தோடு நிற்கவில்லை. உறையை இன்னும் கீறக் கீற, இரண்டு பக்கமும் விரற்கடை நீளத்துக்கு இழைகள் கறுத்திருந்தன. வயருக்குள் இருக்கும் இழைகளின் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் தண்ணீர் ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. ஆகவே அறுந்த இடத்தை மட்டும் சேர்த்துவிட்டால் போதாது.

அது ஏன் அறுந்தது என்பது தனிக் கதை. நாளுக்குப் பத்து முறை கதவைத் திறந்து மூடினால் எட்டு வருடத்தில் 29,000 முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் வயர் வளைகிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதேதான். வளையும் இடத்தில் செம்பு முதலில் இறுகும், பிறகு கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும், பிறகு இழை இழையாக அறும். இதைத் தள்ளிப்போடத்தான் காரில் ஒற்றைக் கம்பி போடுவதில்லை. 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கம்பியின் குறுக்குப் பரப்பும், 0.2 மில்லிமீட்டர் இழைகள் பதினாறின் பரப்பும் சமம். கரண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வளைக்கும்போது மட்டும் வித்தியாசம். ஒரே அளவு வளைவில் மெல்லிய இழையின் மேற்பரப்பு இழுபடுவது தடித்த கம்பியில் நான்கில் ஒரு பங்கு. குச்சியை வளைத்தால் ஒடியும், நாரை வளைத்தால் ஒடியாது. என் வண்டியில் ரப்பர் குழாய் இடம் விலகியதால் வயர் குழாயின் விளிம்பில் மடங்கி, வளைவு முழுவதையும் ஒரே புள்ளியில் வாங்கியிருக்கிறது.

பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு: “ஒரு இழையில நிக்குது, அதான் கரண்ட் பத்தல.” கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 0.2 மில்லிமீட்டர் இழை ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் அதன் தடை ஓமில் இருநூறில் ஒரு பங்குதான். கண்ணாடி மோட்டாருக்கு அது தாராளம். ஒற்றை இழை இருக்கும் வரை கண்ணாடி ஓடும். அது அறுந்து, முனைகள் களிம்போடு தொட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் ஓடாது. பல ஆம்பியர் கேட்கிற பவர் விண்டோ மோட்டாரில் கதை வேறு. அங்கே ஒற்றை இழை சூடேறி உருகிவிடும்.

சரிசெய்த விதம். ரப்பர் குழாய்க்கு இரண்டு பக்கமும், செம்பு பளபளவென்று தெரிகிற வரை பழைய வயரை வெட்டி எறிந்தார். வெட்டிய துண்டு ஒரு சாண் இருக்கும். அதே தடிமனில் மெல்லிய இழைகள் கொண்ட புது வயரை எடுத்து, இரண்டு இணைப்புகளும் குழாய்க்கு வெளியே, அசையாத இடத்தில் வருகிற மாதிரி நீளம் பார்த்தார். இது முக்கியமான இடம். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த நீளத்தை ஒற்றைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அசைகிற இடத்தில் அது இருந்தால், ஈயம் முடிகிற விளிம்பில் சில மாதத்திலேயே மறுபடி அறும். பற்றவைத்த பிறகு சுருங்கும் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினார். கறுப்பு டேப்பைத் தொடவே இல்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் டேப்பின் பசை இளகி ஓடிவிடும், பிறகு சுற்று தானே பிரிந்துகொள்ளும். கடைசியாக, வயர் குழாய்க்குள் நுழைவதற்கு முன் கொஞ்சம் தாழத் தொங்கி மேலேறுகிற மாதிரி விட்டார். வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், உள்ளே போகாது. வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரையும் அப்படித்தான் விடுவார்கள்.

கப்ளர் பின்களிலும் லேசாகப் பச்சை இருந்தது. வீட்டில் செம்பை விளக்கப் புளி போதும், அதன் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். கப்ளரில் அந்த யோசனை கூடாது. கழுவித் துடைக்க முடியாத இடுக்கில் அமிலம் தங்கி அரிப்பைக் கூட்டும். அதற்கென்று விற்கிற கான்டாக்ட் கிளீனரை அடித்து, உலரவிட்டுத்தான் மாட்டினார்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். கதவுக்குள்ளும் இருக்கைக்குக் கீழும் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ உள்ள வயர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். பல்பு, மீட்டர், ஊசி எதையும் அருகில் கொண்டுபோகக் கூடாது. சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சாரே கதவுக்குள் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துதான் எந்தக் கப்ளரையும் பிரிக்க வேண்டும்.

அடுத்தது ஃபியூஸ். இரண்டு கண்ணாடியும் நின்றிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பல வண்டிகளில் அதே ஃபியூஸ் மொபைல் சார்ஜர் சாக்கெட்டுக்கோ ரேடியோவுக்கோ சேர்ந்து இருக்கும். சாக்கெட்டில் எதையோ செருகி ஷார்ட் ஆகி, கண்ணாடி நின்றுபோவது உண்டு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு போனால் சிவப்பே போட வேண்டும். ‘அடிக்கடி போகுது’ என்று மஞ்சளைப் போடுவது, வீட்டு ஃபியூஸில் இழையை இரட்டையாகச் சுற்றுவது போன்ற ஆபத்து. ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, வயரை. அது போகாவிட்டால் கதவுக்குள் வயர் எரியும்.

மூன்றாவது, புது வண்டிகள். இப்போது பல கார்களில் பட்டனிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கரண்ட் போவதில்லை. பட்டன் ஒரு சின்னக் கணினிக்குச் செய்தி சொல்கிறது, கணினி மோட்டாரை ஓட்டுகிறது. செய்தி போகும் முறுக்கிய இரட்டை வயரின் ஏற்பாடு, 1986-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் முறை. அந்த வயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் அது கேட்கும் கரண்டைத் தாங்காமல் மின்னணுப் பலகையே போய்விடக்கூடும். அங்கே என் டிஜிட்டல் மீட்டர்தான் சரியான கருவி, ஸ்கேனரும் வேண்டும். ஆனால் வண்டியிலிருந்து கதவுக்குப் போகும் வயர் அங்கேயும் செம்புதான். அதுவும் கதவோடு சேர்ந்து வளையத்தான் செய்கிறது.

எலியையும் சொல்லிவிடுகிறேன். கடலை எடுக்கிற நாட்களில் களத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்குள் எலி புகுவது எங்கள் ஊரில் சகஜம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். எலி கடித்த வயரில் பல் தடம் தெரியும், உறையும் போயிருக்கும். உறை முழுசாக இருந்து உள்ளே செம்பு அறுந்திருந்தால் அது வளைவின் வேலை.

ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் அதன் குழியில் அழுத்தி உட்கார வைத்து, கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினார். ஒவ்வொரு முறையும் பையன் பட்டனை அமுக்கினான். கண்ணாடி நான்கு திசையிலும் போய் வந்தது. நான் உட்கார்ந்து வேப்பங்கிளையைக் கீழே இறக்கி, சாலையைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தேன். என் காரின் பக்கவாட்டு ஓரம் ஒரு கோடாக மட்டும் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் சாலைக்குத் தர வேண்டும். இடது கண்ணாடி வெளிப்புறமாகக் குவிந்தது. அதிக இடத்தைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டுவதால் பக்கத்தில் வரும் மொபெட் தள்ளி வருவதுபோலத் தோன்றும். அதை மனதில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கிளம்பலாம் என்று சாவியைக் கையில் எடுத்தேன். பெரியவர் டெஸ்ட் லேம்ப்பைச் சுருட்டிக்கொண்டே வலது பக்கம் போனார். “உங்க கதவுதான் தம்பி இதவிட அதிகமாத் தொறந்து மூடுறது” என்றார். அந்தப் பக்க ரப்பர் குழாயை விலக்கி, வயர்களை ஒவ்வொன்றாக விரலில் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தவர், பவர் விண்டோவின் தடித்த வயரில் நின்றார். உறையில் மெல்லிய வெடிப்பு. டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தேன். உள்ளே செம்பு இன்னும் செம்பு நிறமாகத்தான் இருந்தது.

“இதையும் இப்பவே மாத்திருவோம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.